தூறலுக்கு எழாத விதை

நாற்றுத் தொட்டியில் தக்காளி விதைகள் எல்லாம் முளைத்துவிட்டன. பாலை நிலத்திலிருந்து வந்த ஆவாரை விதை மட்டும் அசையவே இல்லை.

"தினமும் தண்ணி தூவுறேன், எழுந்திருக்க மாட்டியாடி? நாளைக்கு உன்னைச் செத்த விதைன்னு குப்பையில கொட்டிடுவாங்க," என்றது பூவாளி.

"கொட்டட்டும் அக்கா. எங்க ஊர்ல தூறலை நம்பி எழுந்தவங்க எல்லாம் வெயில்ல கருகிட்டாங்க. மண்ணு ஆழமா நனையட்டும், அப்புறம் எழுந்துக்கறேன்."

சொன்னபடியே மறுநாள் கொட்டிவிட்டார்கள். பிறகு அடைமழை பிடித்தது. மழை விட்டபோது, குப்பைமேட்டில் இரண்டு இலையோடு நிமிர்ந்து நின்றது ஆவாரை.

பூவாளி தக்காளிகளைக் கூப்பிட்டுக் காட்டியது. "பாருங்கடி, எல்லாம் நான் ஊத்தின தண்ணி!"

"அப்படின்னா நான் உன் தொட்டியிலயே எழுந்திருப்பேனே அக்கா?" என்றது ஆவாரை.