காணாமல் போன கமா

“ஏங்க, மறுபடியும் படுத்துருச்சு” என்று முன்னறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

அவன் போர்வையை உதறிவிட்டு எழுந்தான்.

மனைவி தையல்காரி. துணியில் கத்தரி வைப்பதற்கு முன், அளவுகளைக் கணினியில் வரைந்து பார்ப்பாள். அந்தச் செயலிதான் இந்த வாரம் முழுக்க ஆட்டம் காட்டுகிறது. திறந்தால் ஒருமுறை கண் சிமிட்டும். அப்புறம் ஆளைக் காணோம்.

கணினியில் லினக்ஸ் இயங்குதளம் போட்டுத் தந்தவன் அவன்தான். இது படுக்கவே படுக்காது என்று அன்றைக்கு அளந்ததை அவள் இன்னும் மறந்தபாடில்லை.

முதல் நாள் செயலியை அழித்து மறுபடி நிறுவினான். அசையவில்லை. அதன் அமைப்புகளை மொத்தமாகத் தூக்கியெறிந்தான். எழுந்து உட்கார்ந்தது.

மறுநாள் பழைய குருடி, கதவைத் திறடி.

முகம் தெரியாத ஒருவனோடு இணையத்தில் ஒரு மத்தியானம் முழுக்க மல்லுக்கட்டினான். தாடியை மழித்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய் புது நினைவகம் வாங்கி வந்து மாட்டினான். குளித்தால் மூளை ஓடும் என்று அவள் சொன்னதற்காகக் குளித்துக்கூடப் பார்த்தான்.

இன்று கருப்புத் திரையைத் திறந்து, கட்டளை தட்டிச் செயலியை ஓட்டினான். அது சாகுமுன் ஒரே ஒரு வரி சொன்னது: அமைப்புக் கோப்பைப் படிக்க முடியவில்லை.

கோப்பைத் திறந்து வரிவரியாகப் படித்தான்.

நடுவில் ஒரு கமா இல்லை.

செயலி தானாகக் கெடுத்திருந்தால் கோப்பையே குதறிப் போட்டிருக்கும். இவ்வளவு பதவிசாக ஒரு கமாவை மட்டும் கிள்ளியெடுக்க விரல் வேண்டும்.

அந்த வீட்டில் விரல் உள்ளவர்கள் இரண்டே பேர்.

திரும்பிப் பார்த்தான். அவள் ஊசியில் நூல் கோப்பதில் மும்முரமாக இருந்தாள். இந்த வாரத்துத் துணிகளெல்லாம் தைத்து, தேய்த்து, அலமாரியில் அடுக்கியிருந்தன. அளவுகளைப் பழையபடி காகிதத்திலேயே வரைந்திருக்கிறாள்.

ஆள்குறைப்பில் வேலை போனதிலிருந்து, யார் வந்து கூப்பிட்டும் அவன் கட்டிலைவிட்டு எழுந்ததில்லை. இந்த வாரம்தான் எழுந்திருக்கிறான்.

கமாவை வைத்தான். செயலி திறந்தது.

“சரியாயிருச்சா?” என்றாள், நிமிராமலே.

“ஆச்சு.” கொஞ்சம் யோசித்தான். “நாளைக்குப் பிரிண்டரைக் கெடுத்து வை. அதுன்னா ஒரு வாரம் ஓடும்.”