கோட்டை பார்க்கப் போனவர்கள்

போனில் வந்து விழுந்த போட்டோவில், ஆளைவிட உயரமான கள்ளிச் செடிக்குப் பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு சிரித்தாள் மாமியார் சாந்தி.

இங்கே தென்றலின் மடியில் ஐந்து மாதக் குழந்தை அதிதி வீறிட்டுக்கொண்டிருந்தது.

"நல்லா இருக்குது ஞாயம்!" என்றாள் தென்றல், போனைப் பார்த்து.

அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்ட்களில் நம்மவர்களிடையே எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பிரசவத்துக்குப் பெண்ணின் அம்மா வந்து ஆறு மாதம் இருந்துவிட்டுப் போனால், அடுத்த ஆறு மாதம் மாமியார் முறை. தென்றலின் அம்மா வசந்தாமணி போன வாரம்தான் உடுமலைக்கு விமானம் ஏறினாள். ஈரோட்டிலிருந்து வந்து இறங்கிய சாந்தியும் மாமனார் திருமூர்த்தியும், தூக்கக் கலக்கம் தெளிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாலைவனம் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். பீனிக்ஸ், டூசான், எல் பாசோ, போகிற வழியில் இருக்கும் பழைய கோட்டைகள் என்று பெரிய சுற்று.

"அப்பாவுக்குக் கோட்டைன்னா பைத்தியம். அம்மா டிக்கெட் போடுன்னாங்க, போட்டேன்," என்று சொல்லிவிட்டுப் பார்சிப்பனி ஆபீசுக்குக் காரை எடுத்தான் கணவன் மதன்.

உடுமலையிலிருந்து போன் வந்தது.

"பேத்தியப் பாக்க வந்தாங்களா, ஊர் பாக்க வந்தாங்களா? கேட்டியா நீ?"

"எப்படிம்மா கேக்கறது?"

"வாய்ல என்ன கொழுக்கட்டையா? பாப்பாவுக்கு யாரு தண்ணி ஊத்தறது இப்ப?"

அதுதான் தென்றலும் பயந்துகொண்டிருந்த கேள்வி. பெற்ற பிள்ளையை இதுவரை அவள் ஒருநாளும் குளிப்பாட்டியதில்லை. பாத்டப்பில் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் கிடத்தி, எல்லாம் அம்மாதான். "பச்சைக் கொழந்தை. வழுக்கிருச்சுன்னா? நீ தள்ளி நில்லு" என்பாள். அந்த 'வழுக்கிருச்சுன்னா' தென்றலுக்குக் கனவில்கூட வந்தது.

முதலில் ஈரத்துணியால் துடைத்து ஒப்பேற்றினாள். கழுத்து மடிப்பில் பால் தேங்கிச் சிவந்துவிட்டது. குழந்தை ராவும் பகலும் சிணுங்கியது. வேறு வழியில்லாமல் மாமியாரைக் கூப்பிட்டாள்.

"அத்தை, பாப்பாவைக் குளிப்பாட்டணுங்க. எப்படிப் பிடிக்க..."

"கண்ணு, இங்க ஒரே காத்து. ஒண்ணும் கேக்கல. இந்தா, மாமா பேசறாராம்."

"அம்மிணி!" என்றார் திருமூர்த்தி. "இதைப் போய்க் கோட்டைங்கறாங்க! சுத்துச் சுவரே கிடையாது. நம்ம சங்ககிரியில ஏறிப் பாக்கச் சொல்லணும் இவங்கள. வாசல் தாண்டி வாசல்..."

தென்றல் போனை வைத்துவிட்டாள். அழுகை வந்தது. அழுகைக்குப் பின்னாலேயே ஆத்திரமும் வந்தது.

'யாரும் வேண்டாம், போங்க!'

வெந்நீரை விளாவி முழங்கையால் சூடு பார்த்தாள். நைட்டியோடு டப்புக்குள் இறங்கி, காலை நீட்டி, எண்ணெய் தேய்த்த குழந்தையைக் காலில் குப்புறக் கிடத்தினாள். எண்ணெய் உடம்பு ஒரு கணம் நழுவியது. அவளுக்கு உயிர் போய் வந்தது. ஆனால் கை தானாகப் போய்ப் பிடித்துக்கொண்டது. இரண்டாவது சொம்பில் குழந்தையின் அழுகை நின்றது. மூன்றாவதில் அதிதி தண்ணீரை அடித்துச் சிரித்தாள்.

தலையில் துண்டு சுற்றிய குழந்தையின் போட்டோவைக் குடும்ப குரூப்பில் போட்டாள். கீழே, வேண்டுமென்றே எழுதினாள்: "நானே குளிப்பாட்டினேன். தனியா."

மறுநாள் சாயங்காலமே வாசல் மணி அடித்தது. பெட்டியும் கையுமாக இருவரும் நின்றார்கள்.

"ரெண்டு கோட்டை பாக்கி கிடக்குது, அம்மிணி!" என்று அலுத்துக்கொண்டார் திருமூர்த்தி. "உன் போட்டோ வந்ததும் ஹோட்டல்ல என்னை உக்கார விடல. இவ எந்தக் கோட்டையைப் பாத்தா? போனைத்தான் பாத்துட்டிருந்தா. நீ கூப்பிட்டதுலருந்து போட்டோ வர்ற வரைக்கும் பச்சத் தண்ணி குடிக்கல."

தென்றல் மாமியாரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நேத்து நெஜமாவே காத்து வீசுச்சுங்களா, அத்தை?"

"பொட்டுக் காத்து இல்ல."

"அப்புறம் எதுக்குங்க?"

"நான் இங்க இருந்திருந்தா, உங்கம்மா எந்திரிச்ச எடத்துல நீ என்னை உக்கார வெச்சிருப்ப. பாப்பா உன் கைக்கு வந்தே இருக்காது, கண்ணு."

தென்றல் அவள் கையிலிருந்த பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள்.

மறுநாள் காலை அவள் நடையே மாறியிருந்தது. தண்ணீரை விளாவி வைத்துவிட்டு, குழந்தையை மாமியாரிடம் பெருமையாக நீட்டினாள்.

"இன்னைக்கு உங்க முறை, அத்தை. ஊத்துங்க."

சாந்தி இரண்டடி பின்வாங்கினாள்.

"எனக்குத் தெரியாது, கண்ணு."

"என்னுங்க அத்தை, மதனை வளத்தவங்க நீங்க!"

"மதனுக்கு எங்க மாமியார்தான் தண்ணி ஊத்துவாங்க. ஒரு நாளு என் கையில குடுக்கல. நான் துண்டைப் பிடிச்சுட்டு வெளிய நின்னவ."

சொல்லிவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மெல்ல டப்புக்குள் இறங்கிக் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"இப்பக் குடு. எப்படிப் பிடிக்கணும்னு நீ சொல்லிக் குடு."