தம்பி தள்ளிவிட்ட பிரிண்டர்

முதலில் கழுத்தறுத்தது தம்பிதான். இதைப் பெரியவர் ஒருநாளும் ஒளித்துப் பேசியதில்லை.

"கூடப் பிறந்தவன்னு நம்பினேன். பிலிம் மெஷினை வித்துட்டு ஒரு வார்த்தை சொல்லல. வேலையைக் கையில வெச்சுக்கிட்டு அவன் கடை வாசல்ல போய் நிக்கிறேன், மெஷின் இருந்த இடம் மொட்டையா கெடக்கு," என்பார், வருகிறவர் போகிறவரிடமெல்லாம்.

பெரியவருக்கு வீட்டு முன்னறையிலேயே ஸ்கிரீன் பிரிண்டிங் தொழில். துணிப்பை, பனியன், அட்டைப்பெட்டி எதிலும் அச்சடிப்பார். அதற்கு எழுத்தை முதலில் கண்ணாடி மாதிரியான பிலிமில் கன்னங்கரேலென்று எடுக்க வேண்டும். மருந்து பூசிய ஸ்கிரீன் என்ற வலைத்துணிமேல் அதை வைத்து வெளிச்சம் காட்டினால், கறுப்பு மறைத்த இடம் மட்டும் தண்ணீரில் கரைந்து வழிவிடும். அந்த வழியாகத்தான் மை இறங்கும்.

பிலிம் இல்லையென்றால் தொழில் இல்லை. பக்கத்தில் பிலிம் எடுத்துக் கொடுத்தவன் தம்பி ஒருவன்தான்.

மருமகள் ஜெராக்ஸ் கடை பிரிண்டரில் எடுத்துப் பார்த்தாள். கறுப்பு சோகை பிடித்த மாதிரி வந்தது. வெளிச்சம் ஊடுருவி, ஸ்கிரீனில் எழுத்தெல்லாம் அடைத்துக்கொண்டது.

மருந்துக்கடைக்காரர் துணிப்பை ஆர்டரோடு காத்திருந்தார். நாளைக்குள் மாதிரி காட்டாவிட்டால் அவர் வேறு ஆள் பார்த்துக்கொள்வார். கைவசம் இருந்த ஒரே ஆர்டர் அது. அதுவும் போனால் கடையை மூட வேண்டியதுதான். அச்சு மேசையை விலைக்குக் கேட்டு ஒருவன் வந்து, நீள அகலம் அளந்துவிட்டே போயிருந்தான்.

அந்த நேரம் பார்த்து, தம்பி ஒரு பழைய இங்க்ஜெட் பிரிண்டரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பியிருந்தான்.

"அவர் கடைக்குப் புதுசு வாங்கிட்டாராம். இதை உங்க வீட்டுல இறக்கச் சொன்னார்," என்றார் ஆட்டோக்காரர்.

"வேற ஏதாவது சொன்னானா?"

"பார்த்து இறக்குன்னு சொன்னார்."

"என் வீடு என்ன குப்பைத்தொட்டியா?"

ஆட்டோக்காரர் வண்டியைத் திருப்பினார். மருமகள் அதற்குள் பிரிண்டரைத் துடைத்து, ஒயரைச் சொருகி, ஒரு படத்தை அனுப்பிப் பார்த்தாள்.

"மாமா, கிளி படம் குடுத்தா காக்கா வருது."

"கலர் வரலையா?"

"பச்சையும் இல்ல, சிவப்பும் இல்ல. மொத்தமும் கறுப்பு."

பெரியவருக்கு உள்ளூர ஒரு திருப்தி. "பார்த்தியா? ஓட்டைன்னு தெரிஞ்சுதான் என் தலையில கட்டியிருக்கான். நான் சொன்னா நீங்க யாரு நம்புறீங்க?"

"நமக்குக் கறுப்புதானே மாமா வேணும்? இதுல ஒரு பிலிம் ஷீட் போட்டுப் பார்க்கிறேன்."

"போடு, போடு. ஷீட்டும் வீணாகட்டும்."

பிரிண்டர் இருமியது. முனகியது. ஈரம் மின்ன ஒரு ஷீட்டை மெல்ல வெளியே தள்ளியது.

குறை கண்டுபிடிக்கிற ஆசையில்தான் பெரியவர் அதை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். பிடித்தவர் பிடித்தபடியே நின்றார்.

கறுப்பென்றால் அப்படியொரு கறுப்பு. ஊசிமுனை அளவுகூட வெளிச்சம் கசியவில்லை. கடுகைவிடச் சின்ன எழுத்திலும், 'ண'வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியே நின்றன.

"ஸ்கிரீனை எடும்மா," என்றார். குரல் சன்னமாக வந்தது.

வெளிச்சம் காட்டி, ஸ்கிரீனைத் தொட்டியில் சாய்த்துத் தண்ணீரைத் திறந்துவிட்டார். முதலில் கடைப்பெயர் திறந்தது. அப்புறம் முகவரி. அப்புறம், மூச்சை விட்டால் கலைந்துவிடுமோ என்பதுபோல, போன் நம்பர் இலக்கம் இலக்கமாகத் திறந்துகொண்டே வந்தது.

குழாயை மூடத் தோன்றாமல் பார்த்துக்கொண்டே இருந்தார் பெரியவர். தொழிலிலேயே தலை நரைத்தவர்தான். ஆனாலும் இன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"மாமா, தண்ணி காலுக்கு வந்திருச்சு."

"வரட்டும்."

துணியில் மாதிரிக்கு ஒன்று அடித்துப் பார்த்தார்கள். மருமகள் அதைப் படம் பிடித்து அனுப்பினாள். மருந்துக்கடைக்காரர் உடனே கூப்பிட்டு, எல்லாப் பையையும் அடிக்கச் சொல்லிவிட்டார்.

பெரியவர் பிரிண்டரைப் பூனைக்குட்டியைத் தடவுவதுபோலத் தடவினார். "அவனோட மெஷின்லகூட இப்படி ஒரு பிலிம் வந்ததில்ல. இங்க பாரும்மா, சின்ன மாமா காதுக்கு இது போகக்கூடாது. தெரிஞ்சா திருப்பிக் கேட்பான். எதைத் தூக்கிப் போடுறோம்னே தெரியாத மடையன்."

மருமகள் சிரித்தபடி மூடியைத் திறந்தாள். "மை எவ்வளவு இருக்குன்னு பார்த்துக்கிறேன்."

கறுப்பு மைப் பெட்டியின் வாயில் காகிதத்தை ஒற்றினாள். கறுப்பு. மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டியில் ஒற்றினாள். கறுப்பு. சிவப்பிலும் கறுப்பு. நீலத்திலும் கறுப்பு.

அவள் சிரிப்பு நின்றது.

"என்னம்மா, பழுதா?"

"பழுதுன்னா மை வராம போகும் மாமா. மஞ்சள் எப்படிக் கறுப்பாகும்? கலரையெல்லாம் சுத்தமா கழுவிட்டு, யாரோ எல்லாத்துலயும் கறுப்பை ஊத்தியிருக்காங்க. நாலு பெட்டியும் சேர்ந்து ஊத்துது, அதான் வெளிச்சம் நுழையல. வீட்டு உபயோகத்துக்கு யாரும் இப்படி மாத்த மாட்டாங்க. இது பிலிம் எடுக்க மட்டும்தான் ஆகும்."

பிலிமைப் பற்றித் தெரிந்த அந்த யாரோ யாரென்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

"சின்ன மாமாவுக்கு ஒரு போன் போடட்டுமா?"

பெரியவர் பிலிமை மறுபடி விளக்குக்கு நேரே பிடித்தார். அதன் மறைவில் முகம் தெரியவில்லை.

"வேணாம். மெஷினைச் சொல்லாம வித்தான், இதையும் சொல்லாமதான் செஞ்சிருக்கான். ரெண்டுக்கும் சேர்த்து அவன்தான் வந்து பேசணும்."