ஒன்பது மைலில் மொன்டானா

"மலை மேல குளிர் எலும்பைக் குடையுமாம். அந்தப் பனி பூட்ஸையும் எடுத்து வை நாடின்" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார் வெர்னன். ஜூன் மாதம். விச்சிட்டாவில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. மனுஷன் மூன்று கம்பளிகளைத் தோளில் போட்டுக்கொண்டு, வியர்வை ஒழுக ஒழுக, படுக்கையும் அடுப்பும் வைத்த தன் கேரவனில் ஏற்றினார்.

எதிர் வீட்டு கிளாடிஸ் செடிக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். "எங்க கிளம்பிட்டீங்க?"

"வடக்க, மொன்டானா மலைக்கு. ரெண்டு வாரம்."

கிளாடிஸிடம் சொன்னால் போதும், சாயங்காலத்துக்குள் க்ளைட் காதுக்குப் போய்விடும். வெர்னனுக்கு வேண்டியதும் அதுதான்.

க்ளைட், நாடினின் தம்பி. வருஷம் தவறாமல் ஜூன் மாதம் தன் முப்பத்தாறு அடி கேரவனோடு வந்து இவர்கள் வாசலில் நிறுத்துவான். ஒயரை இவர்கள் கரண்டில் சொருகுவான், பைப்பை இவர்கள் குழாயில் மாட்டுவான். சொந்தக்காரர்கள் இப்படி வந்து இரண்டு நாள் நிற்பதெல்லாம் சகஜம்தான். க்ளைட் போன வருஷம் ஒன்பது வாரம் நின்றான். அவன் வண்டியில் ஏசி ஓட வேண்டுமே என்று வெர்னன் தன் வீட்டு ஏசியை அணைத்துவிட்டு, பனியனோடு அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். முப்பத்தொன்பதாவது கல்யாண நாளன்று ஹோட்டலில் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, இரண்டு தட்டிலிருந்தும் எடுத்துத் தின்றானே, அதைத்தான் தாங்க முடியவில்லை. நாளைக்கு நாற்பதாவது. ஒரே ஒரு வேளையாவது பெண்டாட்டியோடு தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட வேண்டும் என்று வெர்னன் ஏங்கிப்போயிருந்தார்.

நிஜத்தில் வெர்னனின் கேரவன் மொன்டானா போகாது. சின்ன மேட்டைப் பார்த்தாலே மூச்சு வாங்கும். அதனால் ஊருக்குள்ளேயே, வீட்டிலிருந்து ஒன்பதாவது மைலில் இருக்கும் ஏரிப் பூங்காவில் வண்டியை நிறுத்தித் தங்க இடம் பிடித்திருந்தார்கள். ஒரு பக்கம் நெடுஞ்சாலை, இன்னொரு பக்கம் மால், நடுவில் தண்ணீர். க்ளைட் கனவில்கூட அங்கே தேட மாட்டான்.

உள்ளே வந்ததும் வெர்னன் பேனாவும் காகிதமுமாக உட்கார்ந்தார். தினமும் போனில் க்ளைடுக்குச் சொல்ல ஒரு கதை வேண்டுமே.

"மூணாம் நாள், கரடி பாத்தோம்னு சொல்றோம்."

"கரடி வேணாங்க. அவன் பயந்துபோய் நம்மளத் தேடிக் கிளம்பிடுவான். மான்னு சொல்லுங்க."

"சரி, மான். அஞ்சாம் நாள் டயர் பஞ்சர்."

"பஞ்சருன்னா நான் வந்து மாத்தித் தரேன்னு நிப்பான். பேசாம சிக்னலே இல்லைன்னு எழுதுங்க."

வெர்னன் அப்படியே எழுதினார். நாடின் பனி பூட்ஸைப் பையில் திணித்தாள்.

"கூடப் பொறந்தவன், பாவமாத்தான் இருக்கு. ஆனா போன வருஷம் நம்ம கேக்கை வெட்டினதே அவன்தானே" என்றாள்.

போன் அடித்தது. க்ளைட்தான். கிளாடிஸ் சாயங்காலம் வரைகூடக் காத்திருக்கவில்லை.

"மொன்டானாவாமே அக்கா? சந்தோஷமா போயிட்டு வாங்க. என்னைப் பத்திக் கவலையே படாதீங்க. கரண்டு, தண்ணி எல்லாம் ஓசியில ஒரு இடம் மாட்டியிருக்கு. சீசன் முடியற வரைக்கும் அங்கதான்."

"யாரு வீட்டுலடா?"

"அதெல்லாம் நேர்ல சொல்றேன். அங்க கரடி கிரடி இருக்கும், மாமாவைப் பாத்து இருக்கச் சொல்லு."

போனை வைத்ததும் வெர்னன் கையெடுத்துக் கும்பிடாத குறை. "எந்த அப்பாவி மாட்டினானோ. அவன் குடும்பம் நல்லா இருக்கட்டும்" என்றார்.

மறுநாள் காலையில் கிளாடிஸ் கையசைத்து வழியனுப்பினாள். அவள் பார்க்கிறாளே என்று வடக்கே நெடுஞ்சாலையில் ஏறினார்கள். ஏறியவர்கள் நாற்பது மைல் போய், ஒரு பெட்ரோல் பங்கில் திரும்பி, ஊரைச் சுற்றிக்கொண்டு ஏரிக்கு வந்து சேர்வதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. மரங்களுக்குப் பின்னால், கடைசி மூலையில் இவர்கள் இடம்.

சாயங்காலம் வெர்னன் மேஜையில் துணி விரித்தார். இரண்டு தட்டு, இரண்டு கோப்பை, ஒரு மெழுகுவர்த்தி. உள்ளே நாடின் கோழியை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள். நாற்பது வருஷத்தில் இப்படி ஒரு நிம்மதியை அவர் அனுபவித்ததே இல்லை.

அப்போது ஒரு பேட்டரி வண்டி வந்து நின்றது. பூங்காவின் மஞ்சள் சட்டை, முகத்தை மூடும் தொப்பி, கறுப்புக் கண்ணாடி போட்ட ஆள் இறங்கினான். வந்து தங்குகிறவர்களைச் சரிபார்க்கிறவன். ஒன்றும் பேசாமல் குனிந்து வண்டி எண்ணைப் பார்த்து, கையிலிருந்த காகிதத்தில் குறித்துக்கொண்டான்.

"நாங்க ரெண்டே பேருதான் தம்பி" என்றார் வெர்னன். "உங்களால ஒரு உதவி ஆகணும். யாராவது எங்களைத் தேடிட்டு வந்தா, அப்படி யாரும் இங்க இல்லைன்னு சொல்லிடுங்க. முக்கியமா க்ளைட்னு ஒருத்தன். என் மச்சினன்தான், ஆனா விடாக்கண்டன். கேட்டுக்குள்ளயே விடாதீங்க."

அந்த ஆள் அதையும் நிதானமாக எழுதிக்கொண்டான்.

"பேரைச் சரியா எழுதிக்கிட்டீங்களா?"

அவன் தலையாட்டினான். கோழித் தட்டோடு நாடின் படியிறங்கி வந்தாள். அவன் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தான், கறுப்புக் கண்ணாடியையும் கழற்றினான்.

"இந்த வேலைக்கு இடம், கரண்டு, தண்ணி எல்லாம் ஓசி, சாப்பாடுதான் தர்றதில்ல. என்ன சமையல், அக்கா?"