எம்மா

கஞ்சக் கிழவன் ஒருவன் மனம் திருந்துகிற அந்தப் பழைய கதையை ஒவ்வொரு கிறிஸ்துமஸ் காலையிலும் டிவியில் கார்ட்டூனாகப் போடுவார்கள். அதில் வரும் நோயாளிச் சிறுவனுக்குத் தமிழில் குரல் கொடுத்தவள் பெர்பெத்தம்மாளின் மகள் ஜூடித். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. 'அம்மா' என்று எழுதிக் கொடுத்ததை, எத்தனை தடவை திருத்தியும் தூத்துக்குடிப் பிள்ளை 'எம்மா' என்றே சொன்னது. சலித்துப்போய் அப்படியே விட்டுவிட்டார்கள்.

ஜூடித்தை அடக்கம் செய்து ஆறு வருடமாகிறது. படத்தில் அவள் கூப்பிடும்போதெல்லாம் பெர்பெத்தம்மாள், "என்னட்டி?" என்று கேட்பாள். அதற்காகவே பூசை முடிந்த கையோடு வீட்டுக்கு ஓடிவருவாள்.

இன்றும் வந்து உட்கார்ந்தாள். திரையில் பனி கொட்டியது. சிறுவன் ஜன்னலோரம் வந்து நின்றான்.

"அம்மா!"

பிசிறில்லாத புதுக்குரல்.

கேக் கொண்டுவந்த பக்கத்து வீட்டுக்காரி நின்று பார்த்தாள். "இந்த வருசம் ஆள மாத்திப் பேச வச்சிருக்காவ போலக்கா. இப்பத்தான் தமிழ் சுத்தமா இருக்கு."

அந்தப் பிள்ளை மறுபடியும் கூப்பிட்டது. பெர்பெத்தம்மாள் முந்தானையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள்.