காவலாளியின் காது

எகிப்தின் அபு சிம்பல் கோயில் வாசலில் பெரிய பித்தளைச் சாவியோடு நின்ற காவலாளி ஃபிக்ரி, சுற்றுலாப் பயணிகளோடு வந்த வழிகாட்டி சமிஹாவைக் கண்டதுமே மறித்தார்.

"விளக்கமெல்லாம் வெளியே மரத்தடியிலதான். உள்ளே வாயைத் திறந்தே, உன் லைசென்ஸ் போயிடும். ஏற்கெனவே ஒரு தடவை மாட்டினவ நீ."

"மரத்தடியில சுவரோட படத்தைப் பார்க்கவா இவங்க அஸ்வான்ல இருந்து விடியறதுக்கு முன்னாடி பஸ் ஏறினாங்க? உள்ளே ஒவ்வொரு சுவரையும் காட்டிச் சொல்லத்தான் போறேன் மாமா. முடிஞ்சா பிடிங்க."

"திமிரைப் பாரு! பிடிக்கிறேன், போ."

ஃபிக்ரி தூண் தூணாக ஒளிந்து பின்தொடர்ந்தார். மன்னன் ரம்சேஸ் தேரில் பாயும் போர்ச் சுவரருகே காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். கருவறை வரை போனார். செருப்புச் சத்தம்தான் கேட்டது. சமிஹா கைகளை வீசி வீசிக் கூட்டத்தை நகர்த்திக்கொண்டிருந்தாள்; குரல் எழவே இல்லை.

வெளியே வந்ததும் அவர் சிரித்தார். "என்னம்மா, பயந்துட்டியா? சவால் விட்ட வாய் எங்கே போச்சு?"

அதற்குள் பயணிகள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அத்தனை பேரும் இரு கைகளையும் உயர்த்தி, விரல்களை விரித்து, சத்தமே இல்லாமல் அசைத்தார்கள். ஒரு கிழவர் வில்லை இழுத்து விடுவதுபோல் காட்டி, பாயும் குதிரைகளைக் காற்றில் விரல்களால் வரைந்தார். அதே போர்ச் சுவர்!

ஃபிக்ரியின் சிரிப்பு நின்றது. "இவங்க..."

"யாருக்கும் காது கேட்காது மாமா. எல்லாச் சுவரையும் கையாலேயே சொல்லி முடிச்சாச்சு, உங்க கண்ணெதிரேயே. போய் ஆபீஸ்ல சொல்லுங்க, நான் இவங்ககிட்ட சத்தமா பேசினேன்னு!"