சூடான இயந்திரம்

வளைகுடாவில் அம்புரோஸ் வேலை பார்த்த கட்டட வேலைத்தளத்தில், வெயில் ஏறினால் இயந்திரங்களை ஏசி கொட்டகைக்குள் ஓய்வுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆட்கள் வெளியே நின்று கம்பி கட்டவேண்டும். முந்தின வாரம்தான் அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஒருவன் சுருண்டு விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனான். இன்று தனக்கே தலை கிறுகிறுத்ததும், அம்புரோஸ் பழுதான இயந்திரத்திலிருந்து, கொட்டகைக் கதவு அடையாளம் பார்த்துத் திறக்கும் ஸ்டிக்கரை உரித்துச் சட்டையில் ஒட்டிக்கொண்டான். கதவு தானாகத் திறந்தது. உள்ளே போய்க் காலை நீட்டிப் படுத்தான்.

ஃபோர்மேன் சவரிராஜ் பின்னாலேயே ஓடிவந்து அவன் கையைப் பிடித்து இழுத்தார்.

"எந்திரிடா! கம்பிய எவன் கட்டுவான்?"

"இயந்திரம் சூடாக இருக்கிறது. ஊழியர் உடனே வெளியேறவும்" என்று ஒலிபெருக்கி அதட்டியது. சவரிராஜ் பயந்து வெளியேறினார்.

கொஞ்ச நேரத்தில் வியர்த்து வழியும் முகத்தைக் கதவிடுக்கில் நீட்டினார்.

"அம்புரோஸு, எனக்கும் ஒரு ஸ்டிக்கர் கிடைக்குமாடா?"